கண்ணில் படும் வரியும் படாத வரியும்: அமெரிக்கா, கனடா, ஜப்பான், இந்தியா – ஒரு வரலாற்று ஒப்பீடு

முன்னுரை

நேரடி வரி குடிமக்களுக்குத் தெரியும், மறைமுக வரி தெரியாது என்பது பொருளியல் பாடநூல்கள் பழக்கிவிட்ட எண்ணம். கடந்த நூறாண்டு வரலாறு இதற்கு முழுதாக இடம் தரவில்லை. வரி எந்த இடத்தில் வசூலாகிறது, விலையும் ரசீதும் எப்படி எழுதப்படுகின்றன என்ற இரண்டுமே ஒரு வரி கண்ணில் படுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டும் அரசுகள் தெரிந்தே எடுத்த முடிவுகள் என்பதை நான்கு நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தாம் செலுத்தும் வரியின் சுமையை மக்கள் குறைத்து மதிப்பிடும்படி அரசுகள் நடந்துகொள்கின்றன என்ற கருத்தை இத்தாலியப் பொருளியலாளர் அமில்கேர் புவியானி 1903-இல் 'நிதி மாயை' என்ற பெயரில் முன்வைத்தார். இந்த ஆய்வுக்கு அடிப்படை அதுவே.

அமெரிக்கா: மறைந்துபோன நேரடி வரி

இரண்டாம் உலகப்போருக்கு முன் அமெரிக்கர் ஒருவர் முந்தைய ஆண்டின் வருமான வரியை மார்ச் 15 அன்று மொத்தமாகவோ, அன்று தொடங்கி நான்கு தவணைகளிலோ தம் கையாலேயே செலுத்தினார். பணம் கைக்கு வந்த பின் எடுத்துக் கொடுப்பதால் ஒவ்வொரு டாலரும் உறைத்தது. போர்ச்செலவுக்காக வரி வலை விரிந்து, சில பத்து லட்சம் பேர் கட்டிவந்த வரி பல கோடித் தொழிலாளர்கள் மீது விழுந்தபோது இந்த முறை தாங்கவில்லை. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் தலைவராக இருந்த பியர்ட்ஸ்லி ரம்ல், நடப்பாண்டு வரியை அந்த ஆண்டிலேயே வசூலிக்கும் திட்டத்துக்காகப் பிரசாரம் செய்தார். 1943-இல் வந்த நடப்பு வரிச் சட்டம், சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறையை நிலைநாட்டியது. பிரிட்டன் அடுத்த ஆண்டே இதே வழிக்கு வந்தது.

இதன் விளைவு ஆழமானது. ஆண்டு முடிவில் கூடுதல் பிடித்தம் திரும்பி வரும்போது, சொந்தப் பணமே அரசு தந்த தொகைபோலத் தோன்றத் தொடங்கியது. கருவூலத்தில் பணியாற்றி இத்திட்டத்தை வடிவமைக்க உதவியவர்களுள் மில்டன் ஃப்ரீட்மனும் ஒருவர். போர்க்காலத்துக்கு அது தேவை என்றே கருதிய அவர், அமைதிக்காலத்திலும் அது நிலைத்துவிட்டதை விரும்பவில்லை.

கனடா: வெளிச்சத்துக்கு வந்த மறைமுக வரி

கனடாவின் வரலாறு இதற்கு நேர் எதிர்த்திசையில் நகர்ந்தது. அங்கு உற்பத்தியாளர் மட்டத்தில் 13.5 சதவீத விற்பனை வரி இருந்தது. அது தொழிற்சாலையிலேயே விலைக்குள் கலந்துவிட்டதால், கடைக்கு வந்தவர் அப்படியொரு வரி இருப்பதையே அறியவில்லை. பிரையன் மல்ரோனி அரசு 1991 ஜனவரி 1 அன்று அதை நீக்கி, 7 சதவீத சரக்கு மற்றும் சேவை வரியைக் கொண்டுவந்தது. விகிதம் ஏறத்தாழ பாதியானது. ஆனால் சேவைகளும் வரிக்குள் வந்தன, வரி ரசீதில் தனி வரியாக அச்சானது. எதிர்ப்பு வெடித்தது. செனட்டில் மசோதாவை நிறைவேற்றவே எட்டு உறுப்பினர்களைக் கூடுதலாக நியமிக்க வேண்டியிருந்தது. 1993 தேர்தலில் ஆளுங்கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்த வரி மீதான கோபத்துக்கு அதில் பெரும் பங்கு இருந்தது. நேர்மையாகக் காட்டிய அரசு கொடுத்த அரசியல் விலை அது.

ஜப்பான்: விலைச்சீட்டின் அரசியல்

ஜப்பான் 1989 ஏப்ரலில் 3 சதவீத நுகர்வு வரியை விதித்தது. அது 1997-இல் 5, 2014-இல் 8, 2019-இல் 10 சதவீதமாக உயர்ந்தது. வரியோடு சேர்ந்த மொத்த விலையைத்தான் காட்ட வேண்டும் என்ற விதி 2004-இல் கட்டாயமானது. 2014 உயர்வை ஒட்டி, வரியில்லா விலையை மட்டும் காட்டவும் தற்காலிக அனுமதி தரப்பட்டது. 2021 ஏப்ரல் முதல் மொத்த விலை மீண்டும் கட்டாயம். ஆனால் 1,100 யென் என்பதன் அருகிலேயே 1,000 யென் என்ற அடிப்படை விலையையும் கடைக்காரர் எழுதலாம். வாங்குபவர் கொடுக்க வேண்டிய தொகையும் அதிலுள்ள வரியும் ஒரே சீட்டில் தெரிகின்றன.

இந்தியா: பாதி திறந்த கதவு

இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு வழிகாட்டியது சென்னை மாகாணம். மதுவிலக்கால் வந்த வருவாய் இழப்பை ஈடுகட்ட ராஜாஜி அரசு 1939-இல் அதற்கான சட்டத்தை இயற்றியது. விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகளுக்கு மத்திய கலால் வரி தொழிற்சாலை வாசலிலேயே விலையில் கலந்தது. மாநில விற்பனை வரி அந்தக் கலாலையும் சேர்த்த தொகையின் மீது விழுந்தது. கடை ரசீதில் தெரிந்ததைவிட நுகர்வோர் கட்டியது அதிகம்.

2017 ஜூலை 1 அன்று வந்த ஜிஎஸ்டி இந்த நிலையை மாற்றியது. ஓட்டல் பில்லின் அடியில் மத்திய வரி 2.5 சதவீதம், மாநில வரி 2.5 சதவீதம் என்று இரண்டு வரிகள் அச்சாகின்றன. யாருக்கு எவ்வளவு போகிறது என்பதைச் சாப்பிட்டவர் படித்துத் தெரிந்துகொள்கிறார். ஆனால் பொட்டலப் பொருளில் 'அனைத்து வரிகளும் உட்பட' என்ற அதிகபட்ச விலை மட்டுமே இருக்கிறது. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கின்றன. பங்க் ரசீதில் லிட்டர், விலை, தொகை இருக்கும். மத்தியக் கலாலும் மாநில மதிப்புக் கூட்டு வரியும் தனித்தனியே இருப்பதில்லை.

முடிவுரை

இந்த ஒப்பீட்டிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. நேரடி வரியை மறைக்க முடியும் என்று அமெரிக்காவும், மறைமுக வரியை வெளிப்படுத்த முடியும் என்று கனடாவும் காட்டிவிட்டன. ஆகவே வரியின் வகையைக் காரணம் காட்டி எந்த அரசும் ஒதுங்க முடியாது. வரியை வெளிப்படுத்துவதற்காக வசூலின் எளிமையை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு ஜப்பானின் விலைச்சீட்டே சான்று. வருமான வரி கட்டாத கூலித் தொழிலாளியும் பெட்ரோலிலும் சோப்பிலும் அன்றாடம் வரி கட்டுகிறார். அந்தத் தொகை ரசீதில் அச்சானால்தான், தாமும் வரி செலுத்துபவர் என்ற உரிமையோடு பள்ளியையும் சாலையையும் பற்றி அவர் கேள்வி கேட்க முடியும். எரிபொருள் ரசீதில் தொடங்கி அந்த உரிமையை எழுத்தில் தருவது அரசின் கடமை.