படைவீரர் கைம்பெண் நிலக்கோரிக்கை

படையில் பணியாற்றி இறந்தவரின் மனைவி, கணவரின் பணியைக் காட்டி அரசிடம் விளைநிலமோ வீட்டுமனையோ கேட்பது படைவீரர் கைம்பெண் நிலக்கோரிக்கை எனப்படும். தமிழ்நாட்டில் இந்த மனு போய்ச் சேர வேண்டிய இடம் வருவாய்த் துறை. ராணுவம் பென்ஷன் தரும், நிலம் தராது. இந்த வேறுபாடு தெரியாதவர்களின் மனு தொடக்கத்திலேயே தவறான மேசைக்குப் போய்விடுகிறது.

கேட்பது புதிது, கொடுப்பது பழைய வழக்கம். ஊருக்காகவும் போரிலும் உயிர்விட்டவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தைப் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்கின்றன. நெய்த்தோர் என்றால் குருதி. கன்னட நாட்டில் இதற்கு நெத்தரு கொடகை என்று பெயர். கம்பெனி ஆட்சி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பீகாரில், ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றியது. அமெரிக்காவில் 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாள் படைப்பணி இருந்தாலே 160 ஏக்கருக்கு உரிமை இருந்தது. வீரர் இறந்திருந்தால் அது மனைவிக்குப் போனது. அங்கே அது சட்டம் தந்த உரிமை. இங்கே அது முன்னுரிமை மட்டுமே. வருவாய் நிலை ஆணை எண் 15, நில ஒப்படையில் முன்னாள் படைவீரர்களையும் அவர்களைச் சார்ந்தோரையும் தனியாகக் கருதுகிறது. ஆனால் இந்த நிலம் இன்னாருக்கு என்று அது யாருக்கும் உறுதி சொல்வதில்லை. போரில் கணவரை இழந்தவரும், ஓய்வுபெற்று வீட்டில் இறந்தவரின் மனைவியும் ஒரே வரிசையில் நிற்பதும் இல்லை. ஆவணத்தில் இருவருக்கும் வெவ்வேறு பெயர்.

முன்னுரிமை இருந்தும் நிலம் கிடைக்காத சிக்கல் பட்டாபிராமைப் பார்த்தால் தெளிவாகப் புரியும். திருவள்ளூர் மாவட்டத்தில், ஆவடி மாநகராட்சிக்குள் இருக்கும் ஊர் இது. சென்னையிலிருந்து வரும் புறநகர் மின்ரயிலின் நெற்றியிலேயே ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்று எழுதியிருக்கும். பக்கத்து ஆவடியில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம் என்று எங்கு திரும்பினாலும் மதில். மதிலுக்கு அந்தப்பக்கம் புதர் மண்டிக் கிடக்கும் இடத்தைப் பார்க்கும் ஒரு மிலிட்டரிக்காரர் மனைவிக்கு, இதில் இரண்டு சென்ட் நமக்குக் கிடைக்காதா என்று தோன்றுவது இயல்பு. கிடைக்காது. அது மத்திய அரசின் பாதுகாப்புத் துறை நிலம். தாசில்தாருக்கு அதில் அதிகாரம் இல்லை. மாநில அரசின் புறம்போக்கை மட்டுமே அவர் ஒப்படைக்க முடியும். அதிலும் ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு கழிந்துவிடும்.

மிச்சம் இருப்பதற்கும் இந்த வட்டாரத்தில் பூட்டு உண்டு. சென்னையைச் சுற்றியுள்ள ‘பெல்ட் ஏரியா’வில் நில ஒப்படைக்கு 1962 முதல் தடை. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அமைச்சரவை, ஆட்சேபகரமற்ற புறம்போக்கில் ஏற்கெனவே குடியிருக்கும் 86,000-க்கும் மேற்பட்டோருக்குப் பட்டா வழங்க முடிவெடுத்தது. ஆக்கிரமிப்புக்கான ‘பி மெமோ’ நோட்டீஸ் வாங்கிக்கொண்டே காலம் தள்ளியவர்களுக்கு இது பெரிய விடிவு. ஆனால் அந்த முடிவு, குடியிருப்பவரின் இருப்பை ஒழுங்குபடுத்துவது. புறம்போக்கில் கால் வைக்காமல், வாடகை வீட்டில் இருந்துகொண்டு மனுவை நம்பிக் காத்திருந்த கைம்பெண்ணுக்கு அதில் இடமில்லை. சட்டத்தை மதித்து ஒதுங்கி நின்றவரின் மனுவுக்குத் தனி வழி வேண்டும் என்பதே நியாயம்.

நிலம் எங்கே இருந்தாலும் முதல் சோதனை காகிதத்தில்தான். படைவிலகல் புத்தகம், பென்ஷன் ஆணை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நான்கிலும் மனைவியின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். திருமணம் நடந்ததை யூனிட்டில் ‘பார்ட் டூ ஆர்டர்’ வழியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். விடுப்பில் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பியவர் அதைத் தள்ளிப்போட்டிருந்தால், படைக் கணக்கில் அவர் மணமாகாதவர். பதிவு செய்திருந்தாலும், ரேஷன் அட்டையில் லட்சுமியம்மாள் என்றிருப்பவர் அங்கே லட்சுமி என்று இருப்பார்; கடைசி நான்கு எழுத்துக்காக மெட்ராஸ் ரெஜிமென்ட் குடும்பம் என்றால் வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் கடிதம் போகும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்மையில் உதவக்கூடிய இடம் இதுதான். கைம்பெண் அடையாள அட்டையையும் அங்கேதான் வாங்க வேண்டும்.

ஒப்படையான நிலத்துக்கும் நிபந்தனை உண்டு. குறித்த காலம் வரை விற்கக் கூடாது, மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆந்திரத்தில் 1963ஆம் ஆண்டு அரசாணை, முன்னாள் படைவீரர் 10 ஆண்டுகளுக்குப் பின் விற்க இடமளித்தது.

யார் பெயரில் ஒப்படையானது என்பதும் முக்கியம். கணவர் உயிரோடு இருந்தபோது அவர் பெயருக்கு வந்த நிலம், அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், கணவரின் தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் பிரியும். குடும்ப பென்ஷன் மனைவிக்கு என்பதால் நிலமும் முழுதாக அவருக்கே என்று எண்ணிப் பத்திரம் எழுதப் போகும்போது, மாமியாரின் கையெழுத்தும் கேட்பார்கள். கணவர் இறந்தபின் மனைவியின் பெயருக்கே ஒப்படைத்த நிலத்தில் இந்தப் பங்கு எழாது.