இரு கட்டில்களும் ஒரு கோடும்

காதல் நகைச்சுவைப் படமொன்றை மதிப்பிட அமரும்போது, இறுதியில் இருவரும் சேர்ந்தார்களா என்று நாம் கேட்பதில்லை. சேர்வார்கள் என்பது நுழைவுச்சீட்டு வாங்கும்போதே தெரிந்ததுதான். அவர்களுக்கு நடுவே நிற்பது என்ன என்பதே கேட்கத் தக்க கேள்வி. ஹாலிவுட்டில் இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் திரையிலேயே ஒரு கோடாகக் காணலாம்.

ஃபிராங்க் காப்ராவின் ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ (1934) படத்தில் அக்கோடு ஒரு போர்வை. தந்தையிடமிருந்து தப்பியோடும் செல்வந்தர் மகளும், வேலையிழந்த செய்தியாளனும் மயாமியிலிருந்து நியூயார்க் நோக்கிப் பேருந்தில் செல்கிறார்கள். வழியில் ஒரே அறையில் தங்க நேர்கிறது. கட்டில்களுக்கிடையே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடும் நாயகன், விவிலியத்தின் எரிகோ மதிலை அதற்குப் பெயராகச் சூட்டுகிறான். இறுதியில் எக்காளம் ஒலிக்கிறது, போர்வை விழுகிறது. காதலர்களை நாம் காண்பதேயில்லை! படம் வெளியான சில மாதங்களில், அதே ஆண்டு ஜூலையில், ஹாலிவுட்டின் தயாரிப்பு நெறிமுறை கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. காட்டாமல் சொல்லும் கலைக்கு அந்தப் போர்வை முன்மாதிரியாயிற்று. (ராஜ் கபூரும் நர்கிஸும் நடித்த ‘சோரி சோரி’ இக்கதையின் இந்தி வடிவமே. 1956இல் அதைத் தயாரித்தது நம் சென்னையின் ஏவி.எம்.)

1959இல் வெளியான ‘பில்லோ டாக்’ படத்தில் போர்வை மறைந்து, பிளவுத்திரை வந்தது. ஒரே தொலைபேசி இணைப்பைப் பகிரும் டோரிஸ் டேயும் ராக் ஹட்சனும் தத்தம் வீட்டுக் குளியல் தொட்டியில் படுத்துப் பேசுகிறார்கள். திரையின் நடுக்கோட்டில் இருவர் பாதங்களும் தொட்டுக்கொள்வதுபோல் தோன்றுகின்றன. நெறிமுறையால் என்ன செய்ய முடியும்? அவர்கள் இருப்பது வேறுவேறு வீடுகளில் அல்லவா!

1968இல் நெறிமுறை நீங்கியது. தடுப்பதற்குத் தந்தையுமில்லை, தணிக்கையுமில்லை. இனி அந்தக் கோட்டை யார் வரைவது? நவீனப் படங்கள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான். ஒரு நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும் மனத்தாங்கலை இரண்டு மணிநேரம் இழுக்கின்றன.

ராப் ரைனர் இயக்கி, நோரா எஃப்ரான் எழுதிய ‘வென் ஹாரி மெட் சாலி’ (1989) இக்கேள்வியை நேர்மையாக எதிர்கொண்டது. ஹாரியும் சாலியும் தத்தம் கட்டிலில் படுத்தபடி, ‘காசாபிளாங்கா’வைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே தொலைபேசியில் பேசுகிறார்கள். நடுவே மீண்டும் அதே கோடு. ஆனால் இம்முறை அதை வரைந்தவர்கள் அவர்களே. அதற்கு நட்பு என்று பெயர். அக்கோடு ஓர் இரவில் அழிகிறது. எக்காளமில்லை, விழித்திருக்கும் ஹாரியின் முகத்தில் அச்சமே தெரிகிறது. மறுநாள் இருவரும் நண்பர்களை அழைக்கும்போது திரை மூன்றாகப் பிளக்கிறது. நடுவில் நண்பர்களான தம்பதியர் ஒரே கட்டிலில். இவர்கள் இரு ஓரங்களில் தனித்தனியே. படத்தின் உச்சம் இதுவே என்பது நம் கருத்து.

முதலில் இருவரும் பிரிவதாகத்தான் முடிவு இருந்தது. படப்பிடிப்புக் காலத்தில் தம் வருங்கால மனைவியைச் சந்தித்த ரைனர் அதை மாற்றினார். புத்தாண்டு இரவில் ஹாரி ஓடிவந்து பேசும் காட்சி சற்று எளிதாகவே வந்துவிட்டதாக நமக்குப் படுகிறது. ஆயினும் படநெடுக முதிய தம்பதியர் அமர்ந்து தம் கதை சொல்லிய அந்த நீள் இருக்கையில், கடைசியாக இவ்விருவரும் வந்து அமர்கிறார்கள். திரையில் கோடு இல்லை. திருமணக் கேக்கின் சாக்லேட் சாற்றைத் தனிக் கிண்ணத்தில் வைத்ததைப் பற்றித்தான் பேச்சு.