முகம்மது அலியின் உச்சக் காலம் எது?

தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வேலை முடிந்தபின் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தேநீர்க்கடைகளில் நம்மவர்கள் நடத்துகின்ற வாதங்களிலும் வரலாறு இருக்கிறது. அவற்றுள் ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி தம் ஆற்றலின் உச்சியில் இருந்தது எந்த ஆண்டில்? இளமைத் துள்ளலோடு ஆடிய 1966, 1967ஆம் ஆண்டுகளிலா? அல்லது அனுபவம் முதிர்ந்த 1974, 1975ஆம் ஆண்டுகளிலா?

இக்கேள்வி நமக்கு அயலானதன்று. 1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அலி தம் உலகப் பட்டத்தைக் காக்கக் கோலாலம்பூரில் மேடை ஏறினார். நம் கெடாவில் பிறந்த துங்கு அப்துல் ரகுமான், 1957 ஆகஸ்ட் 31இல் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்த அதே மெர்டேக்கா அரங்கம் அது. எதிரே நின்றவர் ஜோ புக்னர். ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். அலியைவிட எட்டு வயது இளையவர். அமெரிக்கர்கள் தங்கள் இரவு நேரத்தில் காண வேண்டும் என்பதற்காகப் போட்டி இங்கே காலையில் நடந்தது. நம் நாட்டு வெயிலும் புழுக்கமும் எப்படிப்பட்டவை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெக்கையில் பதினைந்து சுற்றுகள் நடந்தன. மூன்று தீர்ப்பாளர்களும் அலியே வென்றார் என்று புள்ளி வழங்கினார்கள்.

அப்படியானால் நம் நாடு கண்டது உச்சியில் நின்ற அலியையா, சரிவில் இறங்கத் தொடங்கிய அலியையா? அன்று வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டால் இரண்டு விடையும் கிடைக்கும். இரு தரப்பையும் நிதானமாக விசாரிப்போம்.

முதல் தரப்பார் இளமையைச் சொல்கிறார்கள். 1942இல் லூயிவில் நகரில் கேஷியஸ் கிளே என்ற பெயரோடு பிறந்த அவர், 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 1964 பிப்ரவரி 25இல், யாரும் எதிர்பாராத வகையில், சன்னி லிஸ்டனைத் தோற்கடித்து ஹெவிவெயிட் எனப்படும் மிகு எடைப் பிரிவின் உலகப் பட்டத்தைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 22. 1966 மார்ச் கடைசியிலிருந்து 1967 மார்ச் 22 வரை, ஓர் ஆண்டு நிறைவதற்குள், ஏழு முறை பட்டத்தைக் காத்தார். அந்நாள் வரை 29 போட்டிகள்; 29 வெற்றிகள்; தோல்வி ஒன்றுமில்லை. பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சிறிய எடை வீரரைப் போல அவர் மேடையைச் சுற்றிச் சுற்றி ஆடினார். கைகளைத் தாழ்த்தியே வைத்திருந்தார். குத்து வரும்போது தலையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துத் தப்பினார். அந்தக் கால்களையும் கண்களையும் எந்த மிகு எடை வீரரிடமும் கண்டதில்லை என்று இத்தரப்பார் வாதிடுகிறார்கள்.

அதன் பின்னர் என்ன நடந்தது? 1967 ஏப்ரல் 28இல், வியட்நாம் போருக்கான இராணுவச் சேர்க்கையை அலி மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. குத்துச்சண்டை உரிமமும் போயிற்று. நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதித்தது. மேல்முறையீடு நடந்ததால் அவர் சிறை செல்லவில்லை. 1971 ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆனால் 1970 அக்டோபர் 26 வரை, மூன்றரை ஆண்டுகள், அவர் எந்தப் போட்டியிலும் இறங்க முடியவில்லை. இருபத்தைந்து வயதில் வெளியேற்றப்பட்டவர் இருபத்தெட்டு வயதில் திரும்பி வந்தார்.

நேயர்களே, இந்த இடத்தை நாம் கவனிக்க வேண்டும். ஒரு குத்துச்சண்டைக்காரரின் உடல் பொதுவாக நன்றாகப் பழுத்து நிற்கும் வயது அது. அந்த ஆண்டுகளில் அலி யாரோடும் மோதவில்லை. ஆதலால் அவருடைய உடலின் உச்சத்தை உலகம் பார்த்ததா என்பதே ஐயம். ஓலைச்சுவடியில் நடு ஏடுகள் கிழிந்து போனால் எப்படியோ அப்படித்தான் இதுவும். கிழிந்த ஏட்டில் என்ன இருந்தது என்று ஊகிக்கலாம். படித்துவிட்டேன் என்று சொல்லலாகாது.

இனி இரண்டாம் தரப்பாரைக் கேட்போம். திரும்பி வந்த அலிக்குப் பழைய கால்கள் இல்லை என்பதை இவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். 1971 மார்ச் 8இல் ஜோ ஃபிரேசியரிடம் தோற்றார். 1973இல் கென் நார்ட்டனிடம் தாடை உடைந்து தோற்றார். ஆனால் 1974 அக்டோபர் 30ஐப் பாருங்கள் என்கிறார்கள். அந்நாளில் ஜயர் என்றும் இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு என்றும் வழங்கும் நாட்டின் கின்ஷாசா நகரில், ஜார்ஜ் ஃபோர்மனை அலி எதிர்த்தார். ஃபோர்மனுக்கு வயது 25. நாற்பது போட்டிகளில் தோல்வியே அறியாதவர். ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்தியவர். அலிக்கு வயது 32. ஓடி ஆடினால் களைத்துவிடுவோம் என்று கண்டுகொண்ட அலி, கயிற்றில் சாய்ந்து கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டு ஃபோர்மனை அடிக்க விட்டார். அடித்து அடித்து ஃபோர்மனின் கைகள் சோர்ந்தன. எட்டாம் சுற்றில் அலி அவரை வீழ்த்தினார். கால்களால் செய்ய முடியாததை மூளையால் செய்த இதுவே உச்சம் என்பது இவர்கள் கட்சி.

கோலாலம்பூர்ப் போட்டி இந்த வெற்றிக்கு எட்டு மாதங்களுக்குப் பின் நடந்தது. 1964இல் சுமார் 210 பவுண்டு இருந்த அலி இங்கே சுமார் 224 பவுண்டு எடையோடு வந்தார். எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கவில்லை. வெயிலை உணர்ந்து, வலிமையைச் சிறுகச் சிறுகச் செலவிட்டுப் பதினைந்து சுற்றுகளையும் கடந்தார். புக்னர் தற்காப்பிலேயே நின்றுவிட்டார் என்று அன்று பலர் குறை கூறினார்கள். அடுத்த மூன்றாம் மாதம், அக்டோபர் முதல் நாள், மணிலாவுக்கு அருகே ஃபிரேசியரோடு நடந்த போர் இதற்கு நேர்மாறானது. பதினான்கு சுற்றுகள் முடிந்ததும் ஃபிரேசியரின் பயிற்சியாளர் போட்டியை நிறுத்தினார். வென்ற அலியோ, சாவின் பக்கத்தில் போய் வந்ததைப் போன்ற அனுபவம் என்றார்.

இரு தரப்பாரும் உண்மைகளைத்தான் சொல்கிறார்கள். அப்படியிருந்தும் வாதம் ஏன் முடிவதில்லை? உச்சம் என்ற ஒரே சொல்லால் அவர்கள் வெவ்வேறு பொருளை அளக்கிறார்கள். இதை நம் தோட்டத்தார் எளிதில் புரிந்துகொள்வார்கள். இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆயினும் பால் வெட்டிய கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. இருபது வயதுப் பிள்ளை நிரையை விரைவாக முடித்து, இரண்டு வாளியையும் சளைக்காமல் சுமப்பான். நாற்பத்தைந்து வயது அம்மாவுக்கு அந்த வேகம் இராது. ஆனால் மரத்தின் உள்மரத்தில் காயம் படாமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, மறுபட்டை நன்றாக வளர விடும் கை அவருடையது. யார் சிறந்த வெட்டுக்காரர்? இன்றைய வாளியை நிறுத்துப் பார்த்தால் ஒரு விடை. பத்தாண்டு கழித்து மரத்தைப் பார்த்தால் வேறு விடை. திருக்குறளில் வலியறிதல் என்ற அதிகாரமும் காலமறிதல் என்ற அதிகாரமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது இங்கே நினைக்கத்தக்கது.

ஆகவே நம் முடிவைச் சொல்லிவிடுகிறோம். உடலின் வேகத்தால் அளந்தால் அலியின் உச்சம் 1966, 1967; அதற்கு மேலும் ஏறியிருக்கலாம், அந்த வாய்ப்புப் பறிக்கப்பட்டது. கலையின் தேர்ச்சியால் அளந்தால் 1974. மெர்டேக்கா அரங்கம் கண்டது, உடல் இறங்கத் தொடங்கியும் கலை இன்னும் இறங்காத ஓர் அலியை.

மற்ற வீரர்களிடமும் இதே அளவுகோல்களை வைத்துப் பார்க்கலாம். மைக் டைசன் 1986இல் இருபது வயதிலேயே பட்டம் பெற்றார். 1988இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் வீழ்த்தினார். 1990இல் தோக்கியோவில் தோற்றார். விரைவில் பூத்து விரைவில் உதிர்ந்த உச்சம் அது. அலியிடம் தோற்ற ஃபோர்மனோ, பத்தாண்டு விலகியிருந்து, 1987இல் திரும்பி வந்து, 1994இல் தம் 45ஆம் வயதில் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். ஒரே வாழ்வில் இரண்டு குன்றுகள்!

ஜோ லூயிஸின் கதை வேறு. 1938இல் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடியில் வீழ்த்தியவர். 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 முறை காத்தவர். பட்டத்தோடு ஓய்வும் பெற்றார். ஆனால் வரிக்கடன் அவரை நெருக்கியது. 1950இல் திரும்பி வந்து தோற்றார். 1951இல் இளைஞர் ராக்கி மார்சியானோவிடம் எட்டாம் சுற்றில் வீழ்ந்தார். உச்சம் கடந்ததை அறியாத மடமையால் அவர் வரவில்லை. கடனுக்காக வந்தார். முதுகு வலித்தாலும் மறுநாள் பெரட்டுக்கு எழுந்து போன நம் தாத்தாக்களுக்கு இது புதிய கதையா?

அலியும் நிறுத்தவில்லை. 1977இல் அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, ஓய்வு பெறச் சொன்ன அறிவுரை ஏற்கப்படாததால் விலகிக்கொண்டார். 1978இல் பட்டத்தை இழந்து அதே ஆண்டில் மீட்டார். 1980இல் லேரி ஹோம்ஸிடமும் 1981 டிசம்பரில் டிரெவர் பெர்பிக்கிடமும் தோற்றார். மொத்தம் 61 போட்டிகளில் 56 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்தும் தடை முடிந்து திரும்பிய பிறகு வந்தவை. 1984இல், 42ஆம் வயதில், அவருக்குப் பார்க்கின்சன் வகை நோய் இருப்பது கண்டறியப்பட்டது. வாங்கிய குத்துகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உச்சம் கடந்தபின் வாங்கிய குத்துகள் உடலுக்கு நன்மை செய்யவில்லை என்பதில் ஐயமில்லை. 2016 ஜூன் 3இல் அவர் மறைந்தார்.

மாணவர்களே, இன்றிரவு உங்கள் வீட்டில் இவ்வாதத்தை நடத்திப் பாருங்கள். யாராவது ஓர் ஆண்டைச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எதை அளந்தீர்கள்? யாரை எதிர்த்தபோது அளந்தீர்கள்? பார்க்கக் கிடைக்காமல் போன ஆண்டுகள் எவை? விடைகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே மூன்று கேள்விகளை உங்கள் பாட்டியிடம் அவருடைய தோட்ட வேலையைப் பற்றிக் கேளுங்கள். எந்த வயதில் மிக விரைவாக நிரை முடித்தார், எந்த வயதில் மிக நன்றாக வெட்டினார், எந்த வயதில் நிறுத்த விரும்பியும் நிறுத்த முடியவில்லை என்று அவர் சொல்வார். அதையும் எழுதி வையுங்கள். அதுவும் வரலாறே.