கரிசல் காட்டு மருந்து நடுக்கடலுக்குப் போன கதை

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்து மக்களுக்குக் கடல் என்பது பஸ் பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று. நம் குண்டாற்றில் வருஷத்தில் பல மாதம் வெறும் மணல்தான் கிடக்கும். அதனால் கடல் மாசு என்றாலே அது தூத்துக்குடிக்காரர்கள், எண்ணூர்க்காரர்கள் பிரச்சினை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது நண்பர்களே. கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போமா?

வெள்ளைப் பவுடர்களின் காலம்

டி.டி.டி.யை 1874-லேயே ஓத்மர் சைட்லர் தயாரித்துவிட்டார். ஆனால் அது பூச்சியைக் கொல்லும் என்பதை 1939-ல்தான் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் கண்டுபிடித்தார். அதற்காக 1948-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் நாட்டில் 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள். மலேரியா பெருமளவு குறைந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

வயலுக்கு வந்தது இன்னொரு பவுடர், பி.எச்.சி. விஞ்ஞானிகள் இதை எச்.சி.எச். என்பார்கள். மலிவானது என்பதால் நெல்லுக்கும் பருத்திக்கும் அள்ளித் தூவினார்கள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தப் பவுடரில் நன்றாகப் பூச்சியைக் கொல்லும் பகுதி நூற்றுக்குப் பத்துப் பதினைந்துதான்! மீதியெல்லாம் வீணாக மண்ணிலும் காற்றிலும் சேர்ந்தது.

1966-ல் ஓர் அதிர்ச்சி. அண்டார்டிகாவின் பெங்குவின்கள் உடலில் டி.டி.டி. இருப்பதாக ஆய்வு வெளிவந்தது. வயலே இல்லாத கண்டத்துக்கு மருந்து எப்படிப் போனது?

பரங்கிப்பேட்டை போட்ட கணக்கு

இதற்குத் தெளிவான பதில்களில் ஒன்று நம் தமிழ்நாட்டில் கிடைத்தது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் அது. 1980-களின் கடைசியில் அந்த மையத்தினரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து அங்கே காற்று, ஆற்று நீர், வண்டல் எல்லாவற்றிலும் பி.எச்.சி.யை அளந்தார்கள்.

1991-ல் வெளியான அவர்கள் கணக்கு இதுதான்: வயலில் தூவிய பி.எச்.சி.யில் ஆற்று வழியாகக் கடலுக்குப் போனது 0.4 சதவீதம். மீதி 99.6 சதவீதம் காற்றில் போய்விட்டது! நம் ஊர் வெயிலில் மருந்து ஆவியாகிறது. காற்றோடு பயணம் செய்து, குளிர்ந்த இடத்தில் மறுபடி கடல் நீரில் படிகிறது.

அதே ஜப்பான் குழுவினர் கப்பலில் போய் பல பெருங்கடல்களின் காற்றையும் மேல்மட்ட நீரையும் சோதித்து 1993-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். டி.டி.டி. ஆசியாவின் வெப்பக் கடல்களில் அதிகம் இருந்தது. பி.எச்.சி.யோ வடதுருவத்தை ஒட்டிய குளிர்ந்த கடல் வரை போயிருந்தது. வங்கக் கடல் டால்பின்களின் கொழுப்பிலும் இவை இருந்தன.

ஆக, ஆறு வறண்டு கிடந்தாலும் கடலுக்கு வழி இருக்கிறது. வானம் பார்த்த பூமியில் அடிக்கும் மருந்தும் அந்த வானம் வழியாகவே கடலுக்குப் போகலாம்.

தடைகளும் புதிய விருந்தாளிகளும்

இந்தியா 1989-ல் விவசாயத்துக்கு டி.டி.டி.யைத் தடை செய்தது. 1997-ல் பி.எச்.சி. போனது. உலக அளவில் இத்தகைய ரசாயனங்களைத் தடுக்க 2001-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் உருவானது. 2006-ல் இந்தியா அதை ஏற்றது. பருத்திக் காடுகளில் பழக்கப்பட்ட எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. இதற்குப் பலனும் உண்டு. 1983-ல் சீனா பி.எச்.சி.யை நிறுத்தியதும் வடதுருவக் காற்றில் அதன் அளவு குறைந்தது.

ஆனால் அதற்குள் புதியவை வந்துவிட்டன. கறை பிடிக்காத துணி, தீயணைக்கும் நுரை போன்றவற்றில் சேர்த்த பி.எஃப்.ஓ.எஸ். என்ற ரசாயனம் அலாஸ்காவின் பனிக்கரடியிலும் பசிபிக் தீவின் கடல் பறவையிலும் இருப்பதை 2001-ல் ஜான் கீசி, குருந்தாசலம் கண்ணன் இருவரும் காட்டினார்கள். ஸ்டாக்ஹோம் பட்டியலில் அது 2009-ல்தான் சேர்ந்தது. இதன் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் இருக்கின்றன. ஒன்றைத் தடுத்தால் அதன் தம்பி சந்தைக்கு வருகிறது.

சற்று எண்ணிப் பாருங்கள். டி.டி.டி.யின் சக்தி தெரிந்ததிலிருந்து நம் வயலில் அதைத் தடுக்க 50 வருஷம் ஆனது. ஒவ்வொரு முறையும் முதலில் விற்பனை, பிறகு ஆராய்ச்சி, கடைசியில் தடை என்றே நடந்திருக்கிறது. கடலில் கலந்த பிறகு அதை வடிகட்டி எடுக்க எந்த நாட்டாலும் முடியாது. ஆகவே இந்த வரிசையை மாற்ற வேண்டும். ஆராய்ச்சி முதலில், விற்பனை பிறகு. இதைக் கேட்க நாம் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை. கரிசல் காட்டுக்காரர்களும் கேட்கலாம், கேட்க வேண்டும்.