தொம்பிலிக்கு ஒரு சிலை: இஸ்தான்புல் தெருப் பிராணிகளின் கதை

இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையிலே காடிக்கோய் என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள ஸிவர்பே குறிச்சியின் ஒழுங்கையொன்றில், 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி, உலக விலங்குகள் தினத்தன்று, ஒரு வெண்கலச் சிலை திறந்துவைக்கப்பட்டது. சிலை எந்தத் தளபதிக்கும் கவிஞருக்கும் உரியதன்று. அவ்வொழுங்கையிலே வாழ்ந்து, அதே ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி இறந்துபோன ஒரு தெருப்பூனைக்கு உரியது. உடல் பருத்த செல்லப்பிராணிகளைத் துருக்கியர் 'தொம்பிலி' என்று அழைப்பர். அதுவே அப்பூனையின் பெயருமாயிற்று.

தொம்பிலி செய்த சாதனை என்று எதுவுமில்லை. நடைபாதைப் படியொன்றில் ஒரு முன்னங்காலை ஊன்றி, தேநீர்க் கடையில் ஊர்க்கதை பேசும் பெரியவரைப் போலச் சாய்ந்து அமர்ந்து, தெருவை வேடிக்கை பார்ப்பது அதன் வழக்கம். அந்தக் கோலத்தை யாரோ படம் பிடித்து இணையத்தில் இட, அது உலகெங்கும் பரவியது. பூனை இறந்ததும் அதற்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டுமென்று விண்ணப்பம் எழுந்தது. ஏறத்தாழ 17,000 பேர் கையெழுத்திட்டனர். செவால் ஷாஹின் என்ற சிற்பி, அதே படியில், அதே சாய்வில், பூனையை வெண்கலத்தில் வடித்தார். நவம்பர் 8ஆம் திகதி சிலை களவு போயிற்று. ஊரே கொதித்தெழுந்தது. இரண்டே நாட்களில் களவாடியவர் யாரோ, சிலை பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது.

இதனை ஒரு வேடிக்கைச் செய்தியாகக் கருதிக் கடந்து போய்விடலாம். பத்திரிகைகள் பலவும் அப்படித்தான் செய்தன. ஆயினும், ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லாத பூனை ஒரு குறிச்சி முழுவதற்கும் சொந்தமாக இருந்தது எவ்வாறு என்ற கேள்வியைத் தொடர்ந்து சென்றால், அந்நகரின் வரலாற்றில் மிகவும் இருண்ட ஓரிடத்திலே போய் நிற்க வேண்டியிருக்கும்.

உதுமானியர் காலத்து இஸ்தான்புல்லில் மனிதரின் முகவரி 'மஹல்லே' என்பதாகவே இருந்தது. எமது முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலைச் சுற்றிய குடிமக்களை மஹல்லா என்கிறோமே, அதே அரபுச் சொல்தான். பள்ளிவாசல் அல்லது தேவாலயம், ஒரு நீர்த்தாரை, ஒரு பாண் போறணை, சில கடைகள், ஒருவரையொருவர் அறிந்த குடும்பங்கள் ஆகியன சேர்ந்தது ஒரு மஹல்லே. நாய்களும் அந்தக் கணக்கிலே அடங்கின. ஒவ்வொரு மஹல்லேக்கும் அதற்கென நாய்க்கூட்டம் இருந்தது. எல்லை தாண்டி வரும் அயல் குறிச்சி நாயை அவை துரத்தியடித்தன. குப்பை அகற்றும் ஒழுங்கு எதுவுமில்லாத தெருக்களிலே கழிவைத் தின்று தீர்த்தவையும், இரவிலே அந்நியர் வந்தால் குரைத்து ஊரை எழுப்பியவையும் அவைதாம்.

மார்க்கமும் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. நாயின் உமிழ்நீர் அசுத்தமென்பது சட்ட அறிஞர்களின் நிலைப்பாடு. ஆதலால் நாயை வீட்டுக்குள்ளே வைத்திருப்பதைப் பலர் விரும்பவில்லை. அதேவேளை, தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் மொண்டு கொடுத்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதாகக் கூறும் நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லை. எனவே வீட்டுக்கு வெளியே, ஆனால் கைக்கெட்டும் தூரத்திலே, நாய் வாழ்ந்தது. அதற்கு உணவிடுதல் தர்மமாயிற்று. தெரு விலங்குகளுக்கு உணவளிக்கவென எழுதிவைக்கப்பட்ட வக்பு அறக்கொடைகள் இருந்தன. ஈரலையும் இறைச்சித் துண்டுகளையும் சுமந்து தெருத்தெருவாய்ச் சென்று விற்பவர்கள் இருந்தனர். வாங்குபவர் அதைப் பூனைக்கும் நாய்க்கும் பகிர்ந்தளித்துப் புண்ணியம் தேடிக்கொள்வார். பள்ளிவாசற் சுவர்களிலே பறவைகளுக்குக் கல்லில் மாளிகை செதுக்கிய மக்கள் அவர்கள். உஸ்குதாரிலுள்ள அயஸ்மா பள்ளிவாசலில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

மேலைத்தேயப் பயணிகளுக்கு இது விளங்கவில்லை. 1867இல் அங்கு சென்ற அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின், இரண்டாண்டுகளின் பின் வெளியிட்ட தமது பயண நூலில் இந்நாய்களுக்குப் பல பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார். மெலிந்து சொறிபிடித்த நாய்கள் நடுத்தெருவில் படுத்துக்கிடப்பதையும், வண்டி வந்தாலும் அவை அசையாதிருப்பதையும் அவருக்கேயுரிய எள்ளலுடன் எழுதுகிறார். அவர் கேள்விப்பட்ட ஒரு கதையும் அங்கே உண்டு. சுல்தான் ஒருவர் நாய்களைக் கொன்றொழிக்கத் தொடங்க, மக்கள் கொதித்தெழுந்ததனால் அதைக் கைவிட்டாராம். பின்னர் அவற்றை மர்மரா கடலிலுள்ள தீவொன்றுக்கு அனுப்பத் தீர்மானித்தாராம். ஒரு கப்பல் நிறைய ஏற்றியும் அனுப்பினார்களாம். ஆனால் ஒரு நாயும் தீவை அடையவில்லை, இரவிலே எல்லாம் கடலில் விழுந்துவிட்டன என்று தெரியவந்ததும் மீண்டும் கூச்சல் எழுந்து, அத்திட்டமும் நின்றுபோயிற்றாம். இக்கதையில் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறமிருக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுல்தான்கள் இவ்வாறு முயன்று பின்வாங்கியதை அந்நகரின் வாய்மொழி மரபு பல வடிவங்களிலே சொல்கிறது. எல்லா வடிவங்களிலும் ஒன்று பொதுவானது: அரசு நாய்களை அகற்ற விரும்புகிறது, குறிச்சி மறுக்கிறது.

இரண்டாம் அப்துல் ஹமீத் இவ்விடயத்தில் வேறு வழியை நாடினார். பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் விசர்நாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்டுபிடித்தது 1885இல். மறு வருடமே சுல்தான் தமது மருத்துவர் குழுவொன்றை 10,000 பிராங்க் நன்கொடையுடனும் அரச விருதுடனும் பாஸ்டரிடம் அனுப்பிவைத்தார். 1887இல் இஸ்தான்புல்லிலேயே விசர்நாய்க்கடிச் சிகிச்சை நிலையமொன்று திறக்கப்பட்டது. எத்தனையோ அடக்குமுறைகளுக்காக இகழப்படும் ஒரு சுல்தான், இந்த ஒரு விடயத்திலே நோயை ஒழிக்க முயன்றாரேயன்றி நாயை ஒழிக்க முயலவில்லை என்பதைக் குறிப்பிட்டேயாக வேண்டும்.

1908இல் இளந்துருக்கியர் புரட்சி நிகழ்ந்தது. 1909இல் சுல்தான் பதவியிழந்தார். புதியவர்கள் கல்வி கற்றவர்கள், சீர்திருத்தவாதிகள், பாரிஸைக் கண்டவர்கள். நவீன தலைநகரமொன்றின் தெருவில் நாய் படுத்துக்கிடப்பது அவர்களுக்கு வெட்கக்கேடாகத் தோன்றியது. யோசனைகள் பல வந்தன. நகரிலிருந்த பிரெஞ்சு நுண்ணுயிரியல் நிபுணர் போல் ரெம்லிஞ்சர், நாய்களைப் பெருமளவிற் கொன்று தோலையும் கொழுப்பையும் பயன்படுத்தி வருமானம் பெறலாமெனக் கணக்கிட்டே எழுதினார். அது ஏற்கப்படவில்லை. கொல்வதற்குக் கை கூசியது. கொல்லாமற் கொல்லும் வழி தெரிவுசெய்யப்பட்டது.

1910ஆம் ஆண்டு நாய் பிடிப்போர் இரும்பு இடுக்கிகளுடன் தெருக்களில் இறங்கினர். குறிச்சிவாசிகள் பலர் எதிர்த்தும் பயனில்லை. பிடிபட்ட நாய்கள் கூண்டுகளிலே அடைக்கப்பட்டு, படகுகளில் ஏற்றப்பட்டு, மர்மரா கடலிலுள்ள சிவ்ரிஆதா என்ற தீவிலே இறக்கிவிடப்பட்டன. இளவரசர் தீவுகள் எனப்படும் கூட்டத்தைச் சேர்ந்த வெறும் பாறை அது. பைஸாந்தியர் காலத்திலே நாடுகடத்தப்பட்டோர் அனுப்பப்பட்ட இடம். நாய்களுக்கு அங்கே உணவுமில்லை, குடிக்க நன்னீருமில்லை. கோடை வெயிலில் அவை ஒன்றையொன்று கடித்துத் தின்றன. கப்பல் எதுவும் அருகாற் சென்றால் கடலிற் பாய்ந்து நீந்தி வந்தன. காற்று அந்தப் பக்கமிருந்து வீசிய நாட்களில் ஊளை நகருக்குக் கேட்டதாகவும், பின்னர் நாற்றம் வந்ததாகவும் சொல்வார்கள். மாண்ட நாய்கள் எண்பதாயிரம் என்பதே பெரும்பாலும் கூறப்படும் எண்ணிக்கை. இதற்குக் குறைவான மதிப்பீடுகளும் உள்ளன. கரையோரம் எங்கும் நாய்கள் நெருக்கியடித்து நிற்கும் தீவின் படத்தை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூறாண்டுகளின் பின், 2010இல், சேர்ஜ் அவெதிகியான் என்ற ஆர்மீனிய வம்சாவளிப் பிரெஞ்சு இயக்குநர் இச்சம்பவத்தை ஒரு குறும்படமாக்கினார். அது அவ்வாண்டு கான் திரைப்பட விழாவிலே குறும்படத்துக்கான தங்கப்பனை விருதைப் பெற்றது.

அத்தீவுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஹயர்சிஸ்ஆதா', நன்மையற்ற தீவு. 1912இல் பால்கன் யுத்தம் மூண்டு நாட்டின் ஐரோப்பிய நிலங்கள் பறிபோயின. அதன்பின் உலக மகாயுத்தம், தோல்வி, தலைநகரிலே அந்நியப் படைகள். இவையெல்லாம் நாய்களின் சாபமென்று மக்கள் பேசிக்கொண்டனர். வரலாற்று மாணவன் இதனைக் காரணமாகக் கொள்ளமாட்டான். ஆனால் சான்றாகக் கொள்ளலாம். அக்காரியத்தை அந்நகரின் சாதாரண மனிதர்கள் ஒரு பாவமாகவே கருதினர் என்பதற்குச் சான்று.

நாய்கள் மீண்டும் பெருகின. மாநகரசபைகள் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் நஞ்சிட்டும் சுட்டும் பார்த்தன. இதில் துருக்கியை மட்டும் குறைகூற எமக்கு உரிமையில்லை. 1893ஆம் ஆண்டு பிரித்தானியர் இயற்றிய விசர்நாய்க்கடிநோய்க் கட்டளைச் சட்டத்தின் நிழலிலே, நாய் பிடிக்கும் வண்டி இலங்கை நகரங்களிலும் நெடுங்காலம் ஓடியது. கழுத்திலே பட்டி இல்லாத நாய் கட்டாக்காலி நாய். கட்டாக்காலி என்றாற் பிடிக்கலாம், கொல்லலாம். மூன்று வீட்டுப் பிள்ளைகள் மாறி மாறிச் சோறு வைத்த நாயாக இருந்தாலும், வண்டிக்காரன் கேட்ட கேள்வி ஒன்றே: சொந்தக்காரர் யார்? 2006இல்தான் இங்கு அக்கொலை நிறுத்தப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் கொள்கையாயின.

துருக்கி அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே மாறிவிட்டது. 2004 ஜூனில் நிறைவேறிய 5199ஆம் இலக்க விலங்குப் பாதுகாப்புச் சட்டம், தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி ஏற்றி, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டுமென்று விதித்தது. பிடித்த இடத்திலேயே என்ற அந்த ஒரு சொற்றொடரை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நாய்க்கு உரிமையாளர் இல்லாவிடினும் ஊர் உண்டென்பதை ஒரு நவீன அரசு சட்டப் புத்தகத்தில் ஏற்றுக்கொண்ட தருணம் அது. தொம்பிலியின் புகழும், ஹகியா சோபியாவிலே பிறந்து வளர்ந்து, 2009இல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவின் கையால் தடவப்பெற்று, 2020 நவம்பரில் இறந்த 'கிலி' என்ற பூனையின் புகழும் இந்தச் சூழலிலே மலர்ந்தவை.

இவ்வரிசையிலே பொஜி என்ற நாயின் கதை சற்று வித்தியாசமானது. 2021இல் இஸ்தான்புல்லின் டிராம், மெட்ரோ, படகுச் சேவைகளில் தன்னந்தனியாகப் பயணஞ்செய்து பெயர் பெற்ற நாய் அது. மாநகரசபை அதன் உடலிற் கருவி பொருத்திக் கவனித்தபோது, சில நாட்களில் 30 கிலோமீற்றர் வரை அது பயணஞ்செய்வது தெரியவந்தது. அவ்வாண்டு நவம்பரில் டிராம் ஆசனமொன்றிலே மலம் கிடக்கும் படம் பரவி, பொஜிதான் அசுத்தம் செய்ததென்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதிகாரிகள் கண்காணிப்புக் கமெராவின் பதிவை வெளியிட்டனர். மனிதன் ஒருவன் பொதியொன்றைக் கொண்டுவந்து ஆசனத்தில் வைப்பது அதிலே தெளிவாகத் தெரிந்தது. நாயொன்றின் நற்பெயரைக் காக்க ஒரு மாநகரம் சாட்சியம் சமர்ப்பித்த நிகழ்வு வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை. ஆயினும் தெரு பொஜிக்கு ஆபத்தாகிவிட்டதென்று கருதி, 2022இல் அதனைச் செல்வந்தர் ஒருவரின் இல்லத்தில் ஒப்படைத்தார்கள். ஊருக்குச் சொந்தமாயிருந்த நாய்க்கும் இறுதியில் ஓர் உரிமையாளர் தேவைப்பட்டார்.

இதற்கிடையில் மறுபக்கக் குரலும் வலுத்து வந்தது. நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து சிறுவர்களைக் கடித்துக் குதறிய சம்பவங்கள், நாய்க்குத் தப்பி ஓடி வாகனத்தில் அகப்பட்டு இறந்த பிள்ளைகள், இவை கற்பனையல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் போய் மஹல்லே மரபைப் பற்றிப் பேச எவருக்கும் நா எழாது. பல மாநகரசபைகள் 2004ஆம் ஆண்டுச் சட்டம் கூறிய கருத்தடையை உரிய அளவிலே செய்யவில்லை என்பதும் உண்மை. செய்யத் தவறியோர் இருக்க, பழி நாய்மீதும் அதற்குச் சோறு வைத்த கிழவிமீதும் விழுந்தது.

2024 ஜூலை 30ஆம் திகதி துருக்கியப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பிடித்த இடத்திலேயே விடுதல் என்ற ஏற்பாடு நாய்களைப் பொறுத்தவரை நீங்கியது. தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்க வேண்டும். யாரேனும் தத்தெடுக்கும் வரை அவை அங்கேயே இருக்கும். நோயுற்றவையும் ஆபத்தானவையும் கொல்லப்படலாம். எதிர்த்தவர்கள் இதனைப் படுகொலைச் சட்டம் என்றழைத்துத் தெருவில் இறங்கினர். அவர்களுட் பலர் ஹயர்சிஸ்ஆதாவை நினைவூட்டினர்.

பூனைகளை இத்திருத்தம் தொடவில்லை. காடிக்கோய்ப் பூனைகள் வழமைபோல் படிகளிலே சாய்ந்திருக்கின்றன. பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: பெயரும் படமும் உள்ள ஒருவருக்கு முன்பக்கம் கிடைக்கும், எண்ணிக்கைக்கு உட்பக்கத்தில் நான்கு வரி. சட்டம் நிறைவேறிய காலத்தில் அரசாங்கம் கூறிய எண்ணிக்கைகள் இவை: நாட்டிலுள்ள தெருநாய்கள் ஏறத்தாழ 40 இலட்சம். காப்பகங்கள் 322. அவற்றில் உள்ள இடம் 105,000 நாய்களுக்கு. போதிய காப்பகங்களைக் கட்டி முடிக்க மாநகரசபைகளுக்கு 2028ஆம் ஆண்டின் இறுதிவரை அவகாசம் வழங்கப்பட்டிருக்கிறது.