அடுப்படிக்கு வெளிச்சம் வந்த கதை



வல்லம் என்றதும் பலர் தஞ்சாவூர் வல்லமா என்று கேட்பார்கள். இது செஞ்சிப் பக்கத்து வல்லம், விழுப்புரம் மாவட்டம். எங்கள் பக்கத்துக்கு யார் வந்தாலும் முதலில் கோட்டைக்குத்தான் போவார்கள். ராஜகிரி, கல்யாண மகால், 1714இல் உயிர்விட்ட ராஜா தேசிங்கு, 1677இல் கோட்டையைப் பிடித்த சிவாஜி... 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் கோட்டை சேர்ந்துவிட்டது. சந்தோஷம்தான்.

அந்தக் கோட்டைக்குள் பெரிய நெற்களஞ்சியம் இருக்கிறது. நெல்லை எங்கே கொட்டி வைத்தார்கள் என்று அதைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். அந்த நெல்லைக் குத்திச் சோறாக்கிய சாதாரண வீட்டுப் பெண் எந்த வெளிச்சத்தில் உலையைப் பார்த்தாள்? இதைச் சொல்லத்தான் கல்வெட்டு கிடையாது. பி.காம் படிக்கிறவனுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். குறைந்த காசில் ஒரு இருட்டறையை வெளிச்சமாக்குவது அப்பட்டமான வரவு செலவுக் கணக்கு. அந்தக் கணக்கு நூறு வருஷமாக எப்படி ஓடியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடுப்படி ஏன் இருட்டு?

கூரை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மழைச்சாரல் மண் சுவரைக் கரைக்கக்கூடாது என்று கூரையைத் தாழ இறக்கியிருப்பார்கள். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஜன்னல் வைத்தால் மரம் வேண்டும், கம்பி வேண்டும், ஆசாரிக்குக் கூலி வேண்டும். காற்று புகுந்து அடுப்புப் பொறி ஓலையில் பட்டால் வீடே போய்விடும் என்ற பயம் வேறு. அதனால் சமைக்கிற மூலையை மூடியே வைத்தார்கள்.

ஜன்னலுக்குப் பயந்தவர்கள் நாம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல் வரி என்றே ஒன்று இருந்தது. வரியை மிச்சப்படுத்த அங்கே பலர் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். காசுக்குத் தட்டுப்பாடு வந்தால் மனிதன் முதலில் வெளிச்சத்தைத்தான் குறைக்கிறான் போலிருக்கிறது.

அடுத்தது கரி. விறகுப் புகை தினமும் சுவரிலும் கூரையிலும் படிந்து படிந்து கன்னங்கரேல் என்று ஆகிவிடும். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கரி படிந்த சுவர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதனால் விளக்கை மாற்றிக்கொண்டே போவது மட்டும் போதாது. சுவர் கறுப்பாக இருக்கும்வரை எந்த விளக்கு வைத்தாலும் பாதி நஷ்டம்தான்.

விளக்கெண்ணெய் முதல் கிருஷ்ணாயில் வரை

ஆமணக்கு எண்ணெய்க்கு நம்மவர்கள் வைத்த பெயரே விளக்கெண்ணெய். புங்க எண்ணெய், இலுப்பை எண்ணெயும் எரித்தார்கள். நல்லெண்ணெய் விளக்கு சாமிக்கு. அடுப்படியில் சுவரில் ஒரு பிறை, அதில் ஒரு அகல், அவ்வளவுதான். பல வீடுகளில் அதுவும் கிடையாது, அடுப்பு எரிகிற வெளிச்சமே விளக்கு.

எண்ணெய் வெளிச்சம் எவ்வளவு விலை தெரியுமா? பொருளாதாரத்துக்காக 2018இல் நோபல் பரிசு வாங்கிய வில்லியம் நோர்தாஸ், 1990களில் இதைக் கணக்குப் போட்டார். பழைய ரோமானிய மண் விளக்கு ஒன்றில் நல்லெண்ணெய் ஊற்றித் தானே எரித்துப் பார்த்து அளந்தார்! 75 வாட் குண்டு பல்பு ஒரு மணி நேரத்தில் தருகிற அளவு வெளிச்சத்தை எண்ணெய் விளக்கில் பெற, பழைய பாபிலோனியக் கூலியாள் சுமார் 41 மணி நேரம் உழைக்க வேண்டியிருந்ததாம். 1992இல் சி.எஃப்.எல். பல்பு வைத்திருந்த அமெரிக்கத் தொழிலாளிக்கு அதற்கு அரை விநாடி உழைப்புக்கூடத் தேவைப்படவில்லை. வெளிச்சம் ஏன் பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.

1859இல் அமெரிக்காவில் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு மண்ணெண்ணெய் உலகமெங்கும் மலிந்தது. சீமையிலிருந்து வந்ததால் சீமெண்ணெய். கெரசின் ஆயில் என்ற பெயர் நம் வாயில் புகுந்து கிருஷ்ணாயில் ஆகிவிட்டது. :-) பழைய பாட்டில், ஒரு தகர மூடி, ஒரு திரி இருந்தால் விளக்கு தயார். கொஞ்சம் வசதி இருந்தால் கண்ணாடிச் சிம்னி. இன்னும் வசதி இருந்தால் அரிக்கேன் லாந்தர். பெட்ரோமாக்ஸ் கல்யாண வீட்டுக்கு மட்டும்.

சாயங்காலமானால் சிம்னிக் கண்ணாடிக்குள் கையை விட்டுச் சாம்பல் போட்டுத் துடைப்பது வீட்டுச் சிறுபிள்ளைகளின் வேலை, கை சின்னதாக இருப்பதால். துடைத்த லாந்தர் எங்கே போகும்? திண்ணைக்கு, படிக்கிற பையனிடம், கணக்குப் பார்க்கிற அப்பாவிடம். அடுப்படிக்கு மிஞ்சுவது புகை கக்கும் பாட்டில் விளக்கு. சாதாரணத் திரி விளக்கின் வெளிச்சம் 60 வாட் பல்பில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. அதிலும் அந்த விளக்கே சுவரில் இன்னும் கொஞ்சம் கரி சேர்க்கும். குழம்பில் பல்லி விழுந்ததும் தெரியாது, புடவை முந்தானை தீயில் பட்டதும் உடனே தெரியாது.

கணக்காளர் ஒருவரின் யோசனை

காமர்ஸ் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஜே.சி.குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் பயிற்சி பெற்ற கணக்காளர், அமெரிக்காவில் வணிக நிர்வாகமும் பொது நிதியும் படித்தவர். பிறகு காந்தியோடு சேர்ந்து, 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். வார்தாவில் சங்கத்தின் இடமான மகன்வாடியில் ‘மகன் தீபம்’ என்று ஒரு விளக்கை உருவாக்கினார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதில் ஊரில் ஆட்டிய எண்ணெயில் எரிவது. மண்ணெண்ணெய்க்குக் கொடுக்கும் காசு ஊரைவிட்டே வெளியே போகிறது, செக்கு எண்ணெய்க்குக் கொடுக்கும் காசு ஊருக்குள்ளேயே சுற்றுகிறது என்பது அவர்கள் கணக்கு. மகன் அடுப்பு என்ற புகையில்லா அடுப்பும் அங்கேதான் பிறந்தது.

ஐதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர், மண்ணால் செய்து புகைபோக்கி வைத்த அடுப்பைப் பற்றி எழுதிய சிறு புத்தகம் 1953இல் சென்னையில் அச்சானது. கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாத சமையலறை என்பதே அதன் தலைப்பின் பொருள். 1983இல் மத்திய அரசும் புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டு வந்தது. புகைபோக்கியைச் சுத்தம் செய்யாமல் விட்டாலும், அடுப்பு விரிசல் விட்டாலும் பழையபடி புகைதான். நிறைய அடுப்புகள் அப்படியே மூலையில் கிடந்தன.

கம்பி வந்தது, ஆனால்...

1957இல் தமிழ்நாடு மின்சார வாரியம் (அப்போது மதராஸ் மாநில மின்வாரியம்) அமைந்தது. கிராமங்களுக்குக் கம்பி வேகமாக வந்ததற்குக் கிணற்று மோட்டார்கள் ஒரு முக்கியக் காரணம். நெல்லும் மணிலாவும் விளைகிற எங்கள் பக்கத்தில் இது நன்றாகவே புரியும். கொல்லையில் மோட்டார் ஓடும், அடுப்படியில் சிம்னி எரியும்!

1988-89இல் மத்திய அரசின் குடிர் ஜோதி திட்டம் வந்தது. ஏழை வீட்டுக்கு ஒரே ஒரு விளக்கு. தமிழ்நாட்டில் குடிசை இணைப்பு என்று கட்டணமில்லாமல் கொடுத்தார்கள். பெரிய காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பல்பு என்றால் அதை எங்கே மாட்டுவீர்கள்? நடுவீட்டில், அல்லது வாசலில். சமையல் மூலைக்கு அதன் நிழல்தான் போகும். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வீடுகளில் 78 சதவீதத்துக்கும், 2011இல் 93 சதவீதத்துக்கும் மின்விளக்கு வந்துவிட்டது. ஒரு வீட்டில் மின்சாரம் இருக்கிறதா என்றுதான் அந்தக் கணக்கு சொல்லும். அடுப்படியில் பல்பு இருக்கிறதா என்று சொல்லாது.

அதனால்தான் 2011-12இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தின் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 300 சதுர அடி வீடு, தொடக்கத்தில் 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 சூரிய விளக்குகளுக்கு. மொத்தம் ஐந்து விளக்கு: படுக்கையறை, கூடம், கழிப்பறை, தாழ்வாரம், அப்புறம் சமையலறை. சமையலறைக்கென்று தனியாக ஒரு விளக்கை அரசே கணக்கில் எழுதிவிட்டது.

சுண்ணாம்பும் கண்ணாடி ஓடும்

அரசுத் திட்டம் வரும்வரை நம் பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. போகிக்கு முன்னால் கரியைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அதில் கொஞ்சம் துணிக்குப் போடும் நீலம் கலந்தால் வெள்ளை பளிச்சென்று தெரியும், கொஞ்சம் பசை சேர்த்தால் கையில் ஒட்டாது. ஒரு அடுப்படிக்கு ஆகிற செலவு, ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

ஓட்டு வீட்டில் இன்னொரு வழி. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஒரே அளவில் ஓடு வந்ததும், அதே வடிவத்தில் கண்ணாடி ஓடும் செய்ய முடிந்தது. அடுப்புக்கு மேலே ஒரு ஓட்டை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி ஓடு செருகினால் பகல் முழுக்க இலவச வெளிச்சம். பிரேசிலில் ஆல்ஃபிரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002இல் இதையே பிளாஸ்டிக் பாட்டிலில் செய்தார். இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் பிளீச்சும் ஊற்றிக் கூரையில் பாதி வெளியே தெரியும்படி செருகினால், பகலில் 40 முதல் 60 வாட் பல்பு அளவுக்கு வெளிச்சம்.

இன்றைக்குச் செய்வதானால்

என் கணக்குப்படி வரிசை இதுதான். முதலில் கரி வருவதை நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் இலவச காஸ் அடுப்பு கொடுத்ததும், 2016 முதல் உஜ்வலா வந்ததும் சுவருக்கும் நல்லது, நுரையீரலுக்கும் நல்லது. சிலிண்டர் தீர்ந்தால் பல வீடுகளில் மறுபடி விறகுதான். அங்கே புகை போக வழி இருக்கிறதா என்று பார்க்கணும். இரண்டாவது வெள்ளை. மூன்றாவது, பகல் வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு, ஷீட் கூரையானால் ஒளி புகும் ஷீட் ஒரு துண்டு. பல்பு கடைசி. 60 வாட் குண்டு பல்பை தினமும் நாலு மணி நேரம் போட்டால் மாதம் 7.2 யூனிட், 9 வாட் எல்.இ.டி.க்கு 1.08 யூனிட். அதையும் சமைப்பவர் முதுகுக்குப் பின்னால் மாட்டாதீர்கள், அவர் நிழல் அரிவாள்மனை மேலேயே விழும்.

இதில் எதுவும் பெரிய செலவு இல்லை. ஒரு பல்பையும் ஒரு வாளிச் சுண்ணாம்பையும் அடுப்படிக்கு ஒதுக்க இத்தனை வருஷம் ஆனதற்குக் காசு மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. காசுப்பை யார் கையில் இருந்தது, அடுப்படியில் யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டு அடுப்படியில் முதல் பல்பு எந்த வருஷம் எரிந்தது? அம்மாவிடமோ ஆயாவிடமோ கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குக் கரண்டு வந்த வருஷத்தையும் கூடவே கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று கழித்துப் பார்த்துச் சொல்லுங்களேன்.