ரெயின்ஹில் 1829: எட்டு நிபந்தனை, அஞ்சு எஞ்சின்

உலகத்தின் முதல் ரயில் எஞ்சின் எது? யாரைக் கேட்டாலும் முக்கால்வாசி பேர் "ஸ்டீபன்சனோட ராக்கெட்" என்பார்கள். ஸ்கூல் புக் புண்ணியம். ஆனா அது இல்லைங்க. 1804-லேயே வேல்ஸ் நாட்டில் ரிச்சர்ட் ட்ரெவிதிக் செய்த எஞ்சின் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு போயாச்சு. 1825-ல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதையும் திறந்தாச்சு. ராக்கெட் வந்தது 1829-ல்தான்.

சரி, "அந்தக் காலத்துல அதுதான் ரொம்ப வேகமான எஞ்சின், அதான் போட்டியில ஜெயிச்சது" என்று அடுத்து சொல்வார்கள். அதுவும் பாதிதான் சரி. அந்தப் போட்டியில் வேகத்தைக் காட்டிக் கூட்டத்தை வாய் பிளக்க வைத்தது வேறொரு எஞ்சின். ராக்கெட் ஜெயித்ததற்குக் காரணம் வேற. பொட்டி தட்டிப் பொழைக்கிற நம்ம ஜாதிக்கு அந்தக் காரணம் கொஞ்சம் சுருக்குன்னு குத்தும். அதனால்தான் இந்தப் பதிவு.

கயிறா, எஞ்சினா?

லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த கம்பெனிக்குப் பாதை முடியப்போகிற நேரத்தில் ஒரு பெரிய குழப்பம். வண்டியை எது இழுக்கப்போகிறது? குதிரை பத்தாது. அங்கங்கே கட்டடம் கட்டி, உள்ளே ஒரே இடத்தில் நிற்கிற நீராவி எஞ்சினை வைத்து, கயிற்றால் வண்டியை இழுக்கலாம் என்று ஒரு கட்சி. ஓடுகிற எஞ்சின்தான் வேணும் என்று இன்னொரு கட்சி. ஜேம்ஸ் வாக்கர், ஜான் ராஸ்ட்ரிக் என்று இரண்டு இன்ஜினியர்களை அனுப்பி ஆய்வு செய்யச் சொன்னால், அவர்கள் கயிறு பக்கமே சாய்ந்தார்கள். அந்தத் தேதியில் அது முட்டாள்தனமான முடிவு கிடையாது. அப்போது இருந்த ஓடுகிற எஞ்சின்கள் மெதுவானவை, அடிக்கடி படுத்துக்கொள்பவை.

டைரக்டர்கள் கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வாதத்தை நிறுத்திவிட்டுப் போட்டி வைத்தார்கள். 1829 ஏப்ரலில் அறிவிப்பு, பரிசு 500 பவுண்டு. கூடவே எட்டு நிபந்தனைகள்.

அந்த எட்டு

நம்ம பாஷையில் சொன்னால் ரெக்வயர்மெண்ட்ஸ் டாக்குமெண்ட். :) எஞ்சின் தன் புகையைத் தானே எரித்துக்கொள்ள வேண்டும். ஆறு டன்னுக்கு மேல் கூடாது. நாலு சக்கரம்தான் என்றால் நாலரை டன். தன் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் சுமையை மணிக்கு 10 மைல் (16 கிலோமீட்டர்) வேகத்தில் இழுக்கணும். நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. இரண்டு சேஃப்டி வால்வு வேண்டும், அதில் ஒன்று டிரைவர் கை வைக்க முடியாத இடத்தில். எஞ்சின் ஸ்பிரிங் மேல் நிற்கணும். விலை 550 பவுண்டைத் தாண்டக்கூடாது.

கவனிச்சீங்களா? "யார் வேகமோ அவருக்குப் பரிசு" என்று எங்குமே இல்லை. கேட்ட வேகம் வெறும் 10 மைல்தான். சூட்சுமம் ஓட வேண்டிய தூரத்தில் இருந்தது. ரெயின்ஹில் என்ற இடத்தில் ஒன்றே முக்கால் மைல் சமதளப் பாதை. சுமையோடு அதில் பத்து முறை போய் வரணும். அது 35 மைல், அதாவது லிவர்பூலில் இருந்து மான்செஸ்டர் போகிற தூரத்துக்குச் சமம். எரிபொருளும் தண்ணியும் நிரப்பிக்கொண்டு மறுபடி பத்து முறை. மொத்தம் 70 மைல். நிஜ வேலை எப்படி இருக்குமோ அதே மாதிரி டெஸ்ட். இதை யோசித்த ஆளுக்குக் கோவில் கட்டலாம்.

வந்த அஞ்சு பேர்

அக்டோபர் 6-ந்தேதி திருவிழாக் கூட்டம். பத்தாயிரம் பேருக்கு மேல்.

சைக்ளோபெட்: இது நீராவி எஞ்சினே இல்லை. ஓடுகிற பட்டை மேல் ஒரு குதிரையை நடக்கவிட்டு, அதில் சக்கரம் சுற்றும். ஒப்புக்குச் சப்பாணி.

பெர்சிவெரன்ஸ்: போட்டிக்குக் கொண்டு வரும் வழியிலேயே அடிபட்டு, ரிப்பேர் பார்த்தே நாள் போச்சு. கடைசியில் 6 மைல் வேகம்தான் வந்தது. ஆறுதல் பரிசாக 25 பவுண்டு கொடுத்தார்கள்.

நாவல்டி: பிரைத்வெயிட்டும் எரிக்சனும் லண்டனில் செய்தது. சின்னது, அழகானது, கூட்டத்தின் செல்லப்பிள்ளை. முதல் நாள் சுமை இல்லாமல் மணிக்கு 28 மைல் வேகத்தில் பறந்து காட்டியது. ஜனங்க மிரண்டுட்டாங்க. ஆனா லண்டனில் அப்போது ரயில் பாதையே கிடையாது. ஓட்டிப் பார்க்க இடமில்லாமல் நேராகப் போட்டிக்கு வந்த எஞ்சின் இது. சுமையைக் கட்டி ஓடச் சொன்னதும் குழாய் வெடித்தது. சரி செய்து 14-ந்தேதி மறுபடி வந்தது, பாய்லர் இணைப்பு பிட்டுக்கொண்டது. விலகிவிட்டார்கள்.

சான் பரேய்: திமோதி ஹேக்வொர்த் செய்தது. எடை கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தும் நடுவர்கள் ஓடவிட்டார்கள். நன்றாகத்தான் ஓடியது. எட்டாவது சுற்றில் தண்ணி பம்ப் வேலை செய்யாமல் போய், பாய்லரில் தண்ணி இறங்கி, பாதுகாப்புக்கு வைத்திருந்த ஈய அடைப்பான் உருகிவிட்டது. அதோட ஆட்டம் முடிந்தது.

ராக்கெட்: ராபர்ட் ஸ்டீபன்சன் பட்டறையில் உருவானது. மஞ்சள் பெயிண்ட், வெள்ளைப் புகைபோக்கி. செப்டம்பரிலேயே கில்லிங்வொர்த் சுரங்கப் பாதையில் ஓட்டிப் பார்த்து, கழற்றி, ரெயின்ஹில் கொண்டு வந்து பூட்டியிருந்தார்கள். அக்டோபர் 8-ல் கிட்டத்தட்ட 13 டன் சுமையோடு 70 மைலையும் முடித்தது. சராசரி வேகம் மணிக்கு சுமார் 12 மைல். அஞ்சில் முழுசாக ஓடி முடித்தது இது ஒன்றுதான். அதுக்கப்புறம்தான் சுமையைக் கழற்றிவிட்டு, நானும் பறப்பேன்டா என்று 30 மைலை நெருங்கிக் காட்டியது.

என்ன வித்தியாசம்?

பழைய எஞ்சின்களில் பாய்லருக்குள் ஒரு பெரிய குழாய் போகும், அதற்குள் நெருப்பும் புகையும். ராக்கெட்டில் 25 செப்புக் குழாய்கள். சூடான காற்று இத்தனை குழாய்களில் பிரிந்து போனால் தண்ணியைத் தொடுகிற பரப்பு கூடும், நீராவி சீக்கிரம் கிடைக்கும். இந்த யோசனையைக் கொடுத்தது ஹென்றி பூத். அவர் இன்ஜினியர் இல்லை, ரயில் கம்பெனியின் பொருளாளர்! (பிரான்சில் மார்க் செகான் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.) இரண்டாவது விஷயம், வேலை முடிந்த நீராவியைப் புகைபோக்கிக்குள் விடுவது. அது நெருப்புக்குக் காற்றை இழுத்துக் கொடுக்கும். எஞ்சின் எவ்வளவு உழைக்கிறதோ, அடுப்பும் அவ்வளவு எரியும். தானாக.

ராக்கெட் ஒரே வருஷத்தில் பழசாகிவிட்டது. 1830-லேயே அதைவிட நல்ல எஞ்சின்கள் வந்துவிட்டன. ஆனா இந்த இரண்டு விஷயமும் நீராவிக் காலம் முடிகிற வரைக்கும் மாறவே இல்லை. மேட்டுப்பாளையத்தில் நின்று பெருமூச்சு விடுகிற நம்ம ஊட்டி ரயில் எஞ்சினுக்குள்ளும் இருப்பது இதே தத்துவம்தான்.

பட்டியலில் இல்லாத ஒன்று

இதுவரைக்கும் நல்ல கதை. இப்போ அந்த எட்டு நிபந்தனையையும் இன்னொரு தடவை படிங்க. புகை இருக்கு, எடை இருக்கு, அழுத்தம் இருக்கு, விலைகூட இருக்கு. பிரேக்? இல்லை. யாரும் கேட்கவில்லை. ராக்கெட்டில் பிரேக்கும் இல்லை.

1830 செப்டம்பர் 15, பாதை திறப்பு விழா. பார்க்சைடில் எஞ்சின் தண்ணி பிடிக்க நின்றபோது, ரயிலுக்காகப் பாடுபட்ட லிவர்பூல் எம்.பி. வில்லியம் ஹஸ்கிசன் இறங்கிப் போய் பிரதமர் வெல்லிங்டனோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தண்டவாளத்தில் ராக்கெட் வந்தது. அவரால் ஒதுங்க முடியவில்லை. கால் நசுங்கி, அன்று ராத்திரியே இறந்துபோனார். பிரேக் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு பாதைக்கும் நடுவே இடம் குறைச்சல், வண்டி வரும்போது தண்டவாளத்தில் நிற்கக்கூடாது என்ற பழக்கமும் ஜனங்களுக்கு வரவில்லை. ஆனா ஒன்று நிச்சயம். 70 மைல் பாஸான அந்த எஞ்சினை "சட்டென்று நிறுத்திக் காட்டு" என்று ஒரு தடவைகூட யாரும் கேட்கவில்லை.

எனக்கு ரெயின்ஹில் கதையில் பிடித்தது இதுதான். நல்ல டெஸ்ட் ஒன்று வைத்ததால் கயிறு கட்சி தோற்று, உலகம் முழுக்க ரயில் ஓடியது. அதே டெஸ்ட் கேட்க மறந்த கேள்விக்கான பதில், வேலை ஆரம்பித்த முதல் நாளே வந்து நின்றது. "எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ்" என்று மெயில் வரும்போதெல்லாம் எனக்கு ஹஸ்கிசன் ஞாபகம் வருவார்.

தோற்றவர்களையும் சொல்லிடணும், இல்லைன்னா பாவம். சான் பரேயை அதே கம்பெனி வாங்கி வேறு பாதைக்குக் கொடுத்தது. அங்கே பல வருஷம் ஓடி, பிறகு ஒரு சுரங்கத்தில் பம்ப் ஓட்டிக்கொண்டு 1863 வரைக்கும் உழைத்தது. ராக்கெட் அதற்கு முந்தின வருஷமே மியூசியத்துக்குப் போய்விட்டது! நாவல்டி செய்த எரிக்சன் அமெரிக்கா போய், 1862-ல் உள்நாட்டுப் போரில் பேர் வாங்கிய மானிட்டர் இரும்புக் கப்பலை வடிவமைத்தார். 2002-ல் வேல்ஸில் மூன்று எஞ்சின்களின் நகல்களை வைத்துப் போட்டியைத் திரும்ப நடத்திப் பார்த்தார்கள். அப்பவும் ராக்கெட்தான் ஜெயித்தது.

தோற்றுப்போன கயிறுகூட முழுசாகப் போகவில்லை. லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இருந்து மேடேறும் ரயில்களை 1870 வரைக்கும் கயிறுதான் இழுத்தது. :)